பிள்ளைகள் நெஞ்சில் பந்தயக் கம்பெனி

கால்பந்து ஜெர்சியில் முதுகிலுள்ள எண் ஆடுபவனுடையது. இடது மார்பிலுள்ள சின்னம் கிளப்புடையது. நடு மார்பு மட்டும் விற்பனைக்கு. கேமரா ஆட்டக்காரரின் முகத்தைக் காட்டும்போதெல்லாம் அந்த இடமும் சேர்ந்தே தெரியும். கோல் போட்டவர் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவரும் படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வரும். படத்தின் நடுவில் நிற்பது, அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கியவரின் பெயர். சில வருடங்களாக அந்தப் பெயர் பெரும்பாலும் சூதாட்டக் கம்பெனியின் பெயராக இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் நெம்மேலியில் ஜெர்சி தைத்து, அச்சடித்துக் கொடுக்கிறவள். தாம்பரம் மெப்ஸில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் தொழில் கற்றுக்கொண்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து திருப்போரூர் பிரியும் ரோட்டில் சின்னதாக ஒரு கடை. நெம்மேலி குப்பத்துப் பிள்ளைகள், பட்டிபுலம், சூளேரிக்காடு, தேவனேரி டீம்கள், கேளம்பாக்கம் பக்கம் டர்ஃபில் ராத்திரி விளையாடும் ஐ.டி. பையன்கள் என்று எல்லோரும் வருவார்கள். கபடிக்கும் வாலிபாலுக்கும் தைப்பதுண்டு. இப்போது அதிகம் வருவது கால்பந்து ஜெர்சிக்குத்தான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். "அக்கா, அச்சு அசலா இதே மாதிரி வேணும்." படத்தில் இருப்பது ஏதோ ஒரு இங்கிலாந்து கிளப்பின் ஜெர்சி. நடு மார்பில் ஒரு பந்தயக் கம்பெனியின் பெயர். "இது என்ன பேருன்னு தெரியுமாடா?" என்று கேட்டால், பத்து வயதுப் பையன் சொல்வான்: "அது டீமோட பேருக்கா."

சப்ளிமேஷன் அச்சு எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். திருப்பூரிலிருந்து வரும் பாலியஸ்டர் துணியின் மேல், டிசைன் அடித்த தாளை வைத்து, ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவோம். சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. துணி கிழியும்வரை அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். பத்து வயதில் ஒரு பெயரைப் பிள்ளைகள் மனதில் இறக்கிவிட்டால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்று பந்தயக் கம்பெனிகள் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன.

அங்கே வெறும் நெஞ்சு, இங்கே விளம்பரம்

பெற்றோர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தயக் கம்பெனியின் பெயர் போட்ட கிளப் ஜெர்சி இங்கிலாந்திலேயே குழந்தைகள் அளவில் விற்கப்படுவதில்லை. 2007-லிருந்து அங்கே சூதாட்டத் தொழிலுக்கு ஒரு நடத்தை விதி இருக்கிறது. குழந்தைகளுக்கான ஜெர்சியில் பந்தய நிறுவனத்தின் பெயரோ சின்னமோ இருக்கக் கூடாது. அப்பா வாங்கும் ஜெர்சியில் பெயர் இருக்கும். அதே கடையில் மகனுக்கு வாங்கும் ஜெர்சியில் நடு மார்பு வெறுமையாக இருக்கும், அல்லது வேறு ஏதாவது ஒரு நல்ல பெயர் இருக்கும்.

நம் ஊருக்கு வரும் நகல் ஜெர்சிகளில் அந்த விதியெல்லாம் கிடையாது. பெரியவர்கள் டிசைனையே கம்ப்யூட்டரில் சுருக்கி, இருபத்தி நாலு சைஸிலும் இருபத்தாறு சைஸிலும் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். பர்மிங்ஹாமில் ஒரு எட்டு வயதுப் பையன் போடாத விளம்பரத்தை நெம்மேலியில் ஒரு எட்டு வயதுப் பையன் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் ஓடுகிறான். அதற்கு அந்தக் கம்பெனி ஒரு பைசா செலவழிக்கவில்லை. காசு கொடுத்தது அவனுடைய அம்மா, மீன் விற்ற பணத்திலிருந்து.

பந்தயக் கம்பெனிக்குக் கால்பந்து ஏன்?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் பந்தய நிறுவனத்தின் பெயரை முதலில் மார்பில் சுமந்தது ஃபுல்ஹாம் கிளப். வருடம் 2002, நிறுவனம் பெட்ஃபேர். 2005-ல் வந்த சூதாட்டச் சட்டம் விளம்பரத்துக்குக் கதவை அகலமாகத் திறந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கிளப்பாக விழுந்தது. 2024-25 பருவத்தில் லீக்கின் 20 கிளப்களில் 11 கிளப்களின் மார்பில் இருந்தது சூதாட்ட நிறுவனங்களின் பெயர். வெஸ்ட் ஹாம் ஜெர்சியில் பெட்வே, ஆஸ்டன் வில்லாவில் பெட்டானோ, பிரென்ட்ஃபோர்டில் ஹாலிவுட்பெட்ஸ், எவர்ட்டனில் ஸ்டேக்.

இந்தப் பெயர்களில் சிலவற்றை இங்கிலாந்து மக்களுக்கே தெரியாது. 2025 மார்ச்சில் ஸ்டேக் நிறுவனம் பிரிட்டன் சந்தையை விட்டே வெளியேறியது. ஆனாலும் எவர்ட்டன் ஜெர்சியிலிருந்து அந்தப் பெயர் போகவில்லை. அதே ஆண்டு மே மாதம் டி.ஜி.பி. யூரோப் என்ற நிறுவனம் பிரிட்டன் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. தன் உரிமத்தின் நிழலில் பல ஆசியப் பந்தயத் தளங்களை நடத்திய நிறுவனம் அது. அந்தத் தளங்களோடு ஒப்பந்தம் வைத்திருந்த கிளப்களை அந்நாட்டு சூதாட்ட ஆணையம் எச்சரித்தது.

ஒரு நாட்டில் வாடிக்கையாளரே இல்லாத கம்பெனி, அந்த நாட்டுக் கிளப்புக்குப் பெரிய தொகையை எதற்காகக் கொடுக்கிறது? ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்பதுதான் பதில். லண்டனில் மாலை மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு ஏழரை அல்லது எட்டரை மணிக்கு வரும். சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம். சனிக்கிழமை கடைசி ஆட்டம் நமக்குப் பத்து, பதினோரு மணி. அம்மாவும் அப்பாவும் தூங்கியிருப்பார்கள். பையன் கையில் போன் இருக்கும். அந்தக் கம்பெனிகள் வாங்குவது நம் வீட்டு ராத்திரி நேரத்தை.

கணக்கு யார் பக்கம்?

பெட் கட்டுகிறவர்கள் சொல்வது: "எனக்கு கேம் தெரியும், நான் ஜெயிப்பேன்." ஆட்டம் தெரிந்திருக்கலாம். ஆனால் பந்தயம் வேறு கணக்கில் ஓடுகிறது.

ஓர் ஆட்டத்தில் பத்து கார்னருக்கு மேல் வருமா, வராதா என்று ஒரு பந்தயம் வைப்போம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. நியாயமாக இருந்தால் நூறு ரூபாய் கட்டி ஜெயித்தவருக்கு இருநூறு கிடைக்க வேண்டும். கம்பெனி 1.90 என்று போடும். அதாவது நூறு கட்டினால் நூற்றுத்தொண்ணூறு. 'வரும்' என்று ஒருவர் நூறு, 'வராது' என்று இன்னொருவர் நூறு. கம்பெனி கையில் இருநூறு. யார் ஜெயித்தாலும் கொடுப்பது நூற்றுத்தொண்ணூறுதான். பத்து ரூபாய் கம்பெனிக்கு. கார்னர் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் கவலையில்லை.

சதவீதத்தில் பார்த்தால் இது கட்டும் பணத்தில் ஐந்து சதம். சின்னதாகத் தோன்றும். ஆயிரம் ரூபாயைத் திரும்பத் திரும்ப இருபது முறை கட்டினால், மொத்தம் கட்டியது இருபதாயிரம். அதில் ஐந்து சதம் ஆயிரம் ரூபாய். சராசரியாகப் பார்த்தால், கொண்டுவந்த ஆயிரமும் காலி. பழைய காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பந்தயம் கட்டிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பார்கள். இப்போது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு, அடுத்த கோல் எப்போது என்று நிமிடத்துக்கு நிமிடம் கேட்கிறார்கள். இருபது முறை கட்டுவதற்கு ஒரே ஒரு ராத்திரி போதும். தொடர்ந்து ஜெயிப்பவன் யாராவது அகப்பட்டால், அவன் கட்டக்கூடிய தொகையைக் கம்பெனியே குறைத்துவிடும். இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தோற்பவர்களுக்கு மட்டும்தான் கதவு முழுதாகத் திறந்திருக்கும்.

'நியூஸ்' என்று வந்தவர்கள்

நம் நாட்டில் பந்தய விளம்பரத்துக்கு இடமில்லை. அதனால் அவர்கள் பினாமிப் பெயரில் வந்தார்கள். சாராயக் கம்பெனி சோடா பாட்டிலைக் காட்டி விளம்பரம் செய்யும் வழி நமக்குப் பழகியது. பந்தயக் கம்பெனிகளும் தங்கள் பெயரோடு 'நியூஸ்' என்றோ 'ஸ்போர்ட்ஸ்' என்றோ சேர்த்து, ஒரு விளையாட்டுச் செய்தித் தளத்தைத் தொடங்கின. அதே சின்னம், அதே நிறம், அதே எழுத்து. பாரிமேட்ச் நியூஸ், டஃபாநியூஸ் என்ற பெயர்கள் இப்படித்தான் நம் இந்தியன் சூப்பர் லீக் கிளப்களின் ஜெர்சிக்கும் மைதானத்து ஓரப் பலகைக்கும் வந்தன. ஒன்எக்ஸ்பெட் என்பதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி ஒன்எக்ஸ்பேட் என்று வந்தது இன்னொன்று.

அச்சுத் தொழில் செய்கிறவளாக ஒன்று சொல்வேன். ஒரு லோகோவை அடையாளம் காண அதைப் படிக்க வேண்டியதில்லை. நிறமும் வடிவமும் போதும். பக்கத்தில் சின்னதாக 'நியூஸ்' என்று சேர்த்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இதைத் தெரிந்துதான் செய்கிறார்கள்.

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூன் 13 அன்று, ஆன்லைன் பந்தய விளம்பரங்களைத் தவிர்க்கும்படி ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியது. அக்டோபர் 3 அன்று இன்னொன்று. அதில் ஃபேர்பிளே, பாரிமேட்ச், பெட்வே, வுல்ஃப் 777, ஒன்எக்ஸ்பெட் என்று பெயர் சொல்லியே, செய்தித் தளம் என்ற போர்வையில் வரும் பந்தயத் தளங்கள் இவை என்று எச்சரித்தது.

தமிழ்நாட்டின் சட்டப் போராட்டம் தனிக் கதை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2021-ல் கொண்டுவந்த சட்டத்தை அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைத்து, அதன் அறிக்கையை வைத்துப் புதிய சட்டம் எழுதினார்கள். அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவை 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23-ஆம் தேதி சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் சட்டமானது. சூதாட்டத்தால் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று அரசே சொன்ன பின்னணியில் வந்த சட்டம் இது. இந்தச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டத்தை விளம்பரம் செய்தால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அந்த ஆண்டு நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் உயர் நீதிமன்றம் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனாலும் சட்டம் நின்றது.

பிறகு மத்திய அரசின் சட்டம். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த அந்தச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்கிறது. விளம்பரம் செய்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். அதன் விளைவை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பிலிருந்து ட்ரீம்11 பெயர் போனது. செப்டம்பரில் அந்த இடத்துக்கு அப்போலோ டயர்ஸ் வந்தது. நம் பக்கத்து ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்து டயர் செய்யும் கம்பெனி அது. சென்னையின் எஃப்.சி. ஜெர்சியிலும் சில வருடங்கள் அந்தப் பெயர் இருந்தது. பந்தயப் பணம் போனால் விளையாட்டுக்கு வேறு பணம் வராது என்று சொன்னவர்களுக்கு ஒரே மாதத்தில் பதில் கிடைத்தது.

கிளப்களுக்கும் பசி உண்டு

ஆனால் கிரிக்கெட்டுக்குக் கிடைப்பது கால்பந்துக்குக் கிடைக்காது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015-லும் 2017-18-லும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி., 2025 ஆகஸ்டில் லீக்கின் எதிர்காலமே தெரியாத நிலையில் தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இரண்டு முறை சாம்பியனுக்கே இந்த நிலை. அப்படிப்பட்ட கிளப்பின் வாசலில் பணப்பையோடு ஒருவன் வந்து நின்றால் மறுப்பது எளிதில்லை.

சென்னைக் கால்பந்தில் ஒரு காலத்தில் மார்பில் இருந்த பெயர்கள் இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே. அந்தப் பெயர்தான் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்தது, ஆடி ஓய்ந்த பிறகும் மேசையும் நாற்காலியும் போட்டு வேலை கொடுத்தது, கடைசியில் பென்ஷனும் கொடுத்தது. வடசென்னையில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் தலைநிமிர்ந்தன. அலுவலக அணிகள் ஒவ்வொன்றாக மங்கிய பிறகு மார்பு காலியானது. கொல்கத்தாவில் 1998-லேயே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மது நிறுவனத்தின் பெயர்களைத் தங்கள் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டன. காலியான இடத்தைத் தேடி வருகிறவர்கள் எப்போதும் இப்படிப்பட்டவர்கள்தான்.

மறுத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லூட்டன் டவுன் சின்ன கிளப். 2023-24-ல் பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்தபோது பந்தயப் பணம் வேண்டாம் என்ற கொள்கையோடுதான் ஆடியது. பார்சிலோனா 2006-ல் யுனிசெஃப் பெயரை மார்பில் போட்டபோது பணம் வாங்கவில்லை. ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவைக் குழந்தைகளுக்காகக் கிளப்பே கொடுத்தது. நம் பக்கத்திலேயே மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் என்ற பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மென்பொருள் தொழிலில் சம்பாதித்த கிரீஷ் மாத்ருபூதம் அதைத் தொடங்கினார். நல்ல பணம் கால்பந்துக்கு வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. தேட வேண்டும், பொறுமை வேண்டும்.

சட்டம் போட்ட நாடுகளும் இருக்கின்றன. இத்தாலி 2018-ல் சூதாட்ட விளம்பரத்துக்கும் ஸ்பான்சருக்கும் தடை கொண்டுவந்தது. ஸ்பெயின் ஜெர்சிகளிலிருந்து 2021-22 பருவத்தில் பந்தயப் பெயர்கள் போயின. நெதர்லாந்து 2025 ஜூலையில் கதவை அடைத்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்கள் 2023 ஏப்ரலில் தாங்களே கூடி, 2025-26 பருவத்தோடு முன்மார்பு விளம்பரத்தை நிறுத்துவது என்று முடிவு செய்தன. ஆனால் கைப்பகுதியும் மைதானத்துப் பலகைகளும் அந்த முடிவில் சேரவில்லை. மார்பிலிருந்து தோளுக்கு நகர்வதை நான் சீர்திருத்தம் என்று ஏற்க மாட்டேன். இத்தாலியில்கூட இன்டர் மிலான் 2024-லிருந்து பெட்ஸன் ஸ்போர்ட் என்ற பெயரோடு ஆடுகிறது. பந்தயக் கம்பெனியின் 'விளையாட்டுச் செய்தி' முகம். நாம் பார்த்த அதே தந்திரம்தான்.

பாதிக்கப்படுவது யார்?

முதலில் ஆட்டக்காரர்களே. பிரென்ட்ஃபோர்டின் முன்னணி ஆட்டக்காரர் ஐவன் டோனி 2023 மே மாதம் எட்டு மாதத் தடை பெற்றார். பந்தய விதிகளை 232 முறை மீறியதை ஒப்புக்கொண்டார். அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதாக மருத்துவ நிபுணர் சொன்னதை விசாரணைக் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது. அவர் ஒவ்வொரு வாரமும் மாட்டிக்கொண்டு ஓடிய ஜெர்சியின் நடு மார்பில் இருந்தது ஹாலிவுட்பெட்ஸ். கட்டாதே என்று விதி சொல்கிறது, கட்டு என்று சட்டை சொல்கிறது. இந்த இரட்டை நாக்கை இளைஞர்கள் முன்னால் எப்படி நியாயப்படுத்துவார்கள்?

அடுத்து ஆட்டமே கெட்டுப்போகிறது. சிங்கப்பூர்த் தமிழர் வில்சன் ராஜ் பெருமாள் 2011-ல் பின்லாந்தில் கைதாகி, ரோவனியெமி என்ற ஊர் கிளப்பின் ஆட்டக்காரர்களுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆர்க்டிக் வட்டத்துப் பக்கத்து ஊரில் நடக்கும் சாதாரண லீக் ஆட்டத்தைச் சிங்கப்பூர்க்காரர் ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? அந்த ஆட்டத்தின் மேலும் ஆசியாவில் பந்தயம் ஓடுகிறது என்பதால்தான். பந்தயம் எந்த மைதானம்வரை போகிறதோ அந்த மைதானம்வரை லஞ்சமும் போகும்.

கடைசியாக நம் வீடுகள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜாக் ரிச்சி பள்ளிக்கூட நாட்களிலேயே சூதாட்டத்தில் சிக்கினார். 2017-ல், 24 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய பெற்றோர் சார்ல்ஸ், லிஸ் ரிச்சி மறு வருடமே பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கால்பந்திலிருந்து சூதாட்ட விளம்பரத்தை அகற்றச் சொல்லி அந்தக் குடும்பங்கள் ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்கு நடந்தே போகின்றன. அந்தப் பெற்றோரை நினைக்கும்போது 2003 ஜனவரிக்கு முந்தைய நம் தெருக்கள் ஞாபகம் வருகின்றன. லாட்டரிக் கடையில் கூலியை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த ஆண்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். தடை வந்ததும் கடையைப் பூட்டிவிட்டோம். இப்போது கடை பையன் பாக்கெட்டில் இருக்கிறது. அதன் பெயர்ப் பலகை அவன் நெஞ்சில் இருக்கிறது.

சட்டவிரோதத் தளங்களில் பணம் எப்படிப் போகிறது என்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ளுங்கள். யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு யுபிஐ-யில் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் ஏதோ ஒரு மாணவனுடையது, கூலிக்காரருடையது. கமிஷன் தருகிறோம் என்று வாடகைக்கு வாங்கியிருப்பார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் போலீஸ் முதலில் தட்டுவது அந்தப் பையன் வீட்டுக் கதவைத்தான். கல்லூரிப் பிள்ளைகள் யாராவது "சும்மா அக்கவுன்ட் குடுத்தா மாசம் காசு வருது" என்று சொன்னால் அன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள்.

நம் ஊர் கோப்பைகள்

இந்த வலை நம் கடற்கரைவரை வந்துவிட்டது. ஒரு கோடை விடுமுறையில் என் கடைக்கு ஒருவர் வந்தார். சுற்றுவட்டார டோர்னமென்ட்டில் ஆடும் ஒரு அணிக்கு முழு செட் ஜெர்சியும் இலவசமாகத் தருவதாகச் சொன்னார். மார்பில் ஒரு 'ஸ்போர்ட்ஸ் நியூஸ்' ஆப்பின் பெயரைப் போட்டால் போதும். எனக்கு முழுப் பணமும் முன்கூட்டியே. பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முடியாது என்று சொன்னேன். பையன்களுக்கு என் மேல் வருத்தம். "ஃப்ரீயா கெடைக்கிறத ஏங்க்கா கெடுக்கிற?" என்றான் அவர்கள் கேப்டன். உட்காரவைத்து, மேலே சொன்ன கார்னர் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவன் பிளஸ் டூ கணக்கு படித்தவன், உடனே பிடித்துக்கொண்டான். அந்த வருடம் அவர்கள் ஜெர்சியில் ஒரு வலைக் கடையின் பெயர் வந்தது. கடைக்காரர் பாதிப் பணம் கொடுத்தார், மீதியைப் பையன்கள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நம் ஊர்ப் போட்டிகளில் எப்போதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. முதல் பரிசு இறந்துபோன ஒரு தாத்தா நினைவாக, இரண்டாம் பரிசு ஓட்டல்காரர் உபயம், பந்து ஊராட்சித் தலைவர் உபயம், சாப்பாடு ஊர்ப் பொது. ஃப்ளெக்ஸில் வரும் அந்தப் பெயர்கள் எல்லாமே நாம் தெருவில் பார்க்கிற மனிதர்கள். தவறு செய்தால் நேரில் போய்க் கேட்கலாம். எங்கோ தீவில் பதிவு செய்துகொண்டு, வாரத்துக்கு ஒரு முகவரி மாற்றும் தளத்தை யார் போய்க் கேட்பது?

ஆகவே என் வேண்டுகோள். டோர்னமென்ட் நடத்தும் தம்பிகளே, ஸ்பான்சர் கொடுக்க வருகிறவர் யார், அவர் கம்பெனி என்ன விற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் வாங்குங்கள். 'நியூஸ்', 'ஸ்போர்ட்ஸ்' என்று முடியும் புதுப் பெயராக இருந்தால் அதே பெயரில் பந்தயத் தளம் இருக்கிறதா என்று போனில் தேடிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. என்னைப் போல அச்சடிக்கும் தொழிலாளர்களே, கிளப் ஜெர்சி கேட்கும் பிள்ளைகளுக்கு மார்பை வெறுமையாக விட்டுக் கொடுங்கள். அல்லது அவன் ஊர் பெயரைப் போடுங்கள். நெம்மேலி என்று நான் போட்டுக் கொடுத்த ஜெர்சியை எந்தப் பையனும் வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களே, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்ன பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். கிளப் நிர்வாகிகளே, குழந்தைகள் அளவு ஜெர்சியில் எந்தச் சூதாட்டப் பெயரும், அதன் பினாமிப் பெயரும் வராது என்று எழுதிக் கொடுங்கள். இங்கிலாந்துக் குழந்தைகளுக்குக் கிடைத்த அந்தக் குறைந்தபட்ச மரியாதை நம் குழந்தைகளுக்கும் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை பெட் கட்டுகிறான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள், வீட்டை விட்டு விரட்டாதீர்கள். கடனையும் அவமானத்தையும் மறைக்கப் பார்க்கும் பிள்ளைதான் உயிரை விடுகிறான். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.